ஃபோல்அவுட் 2 தொடங்கப் போறீங்களா? மற்றாக்கள் சொல்றதில எதைக் கேக்கணும், எதை விடணும்

போன சனிக்கிழமை சித்தியின்ட மகன் வெள்ளவத்தைக்கு வந்தவன், கையில லப்டொப், முகத்தில கோபம். 2024ல வந்த ஃபோல்அவுட் டிவி சீரிஸைப் பார்த்துட்டு, பழசு தான் உண்மையான ஃபோல்அவுட் எண்டு எல்லாரும் சொல்றாங்களே எண்டு ஃபோல்அவுட் 2 எண்ட பழைய கொம்பியூட்டர் கேமை வாங்கிப் போட்டிருக்கிறான். "அண்ணா, இதையா எல்லாரும் பெஸ்ட் எண்டு சொல்றாங்க? நாப்பது நிமிஷமா எறும்புக்கு ஈட்டியால குத்திக்கொண்டு இருக்கிறன்" எண்டான். அவன்ட கெரக்டர் ஸ்கிரீனைத் திறந்து பார்த்தன். எஜிலிட்டி 5. டேக் பண்ணின, அதாவது தொடக்கத்தில விசேஷமா எடுத்த, ஸ்கில் மூண்டும் எனர்ஜி வெப்பன்ஸ், பிக் கன்ஸ், சயன்ஸ். சண்டையில ஒவ்வொருத்தரா முறை வைச்சு அடிக்கிற கேம் இது, எஜிலிட்டி 5 எண்டால் உங்கட ஒரு முறைக்கு, அதாவது ஒரு டேர்னுக்கு, 7 எக்‌ஷன் பொயின்ட் தான், ஈட்டியால ஒரு குத்துக்கு 4 போகுது, அப்ப ஒரு டேர்னுக்கு ஒரே ஒரு குத்து, அதுவும் பாதி நேரம் படாது. எனர்ஜி வெப்பன் எண்டு ஒண்டு அவன்ட கையில வரவே இன்னும் பல மணித்தியாலம் இருக்கு. பெடியனில பிழை இல்ல, கேம் அவனுக்கு ஒண்டும் சொல்லித் தரேல்ல, அவ்வளவு தான்.

இதை எழுதுறதே அதுக்காகத் தான். இந்த கேமைப் பற்றி ஒருத்தர் நல்லது சொன்னாலும் கூடாது சொன்னாலும் ரெண்டு விஷயம் கேட்டுப் பாருங்க: என்ன கெரக்டரோட விளையாடினவர், எந்த ஊர் வரைக்கும் போனவர். இது ரெண்டும் தெரியாட்டி அந்தக் கருத்தால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. "போரிங்" எண்டு சொல்றவங்கள்ல கன பேர் முதல் ரெண்டு மணித்தியாலத்தைத் தாண்டாதவங்க, "உயிர் கேம்" எண்டு சொல்றவங்க எல்லாரும் அதைத் தாண்டினவங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லேல்ல, ஆனா ரெண்டு பேரும் கதைக்கிறது ஒரே கேமைப் பற்றி இல்ல.

கொஞ்சம் பின்கதை தெரிஞ்சா மற்றதெல்லாம் லேசா விளங்கும். முதல் ஃபோல்அவுட் 1997ல வந்தது, இன்டர்பிளே கம்பனி. ரெண்டாவது அடுத்த வருஷமே, 1998 ஒக்டோபர்ல, பிளக் ஐல் ஸ்டூடியோஸ் எண்ட பேர்ல வந்தது. ஒரு வருஷத்துக்குள்ள இவ்வளவு பெரிய கேம். நடுவில முதல் கேமைச் செய்த டிம் கேன், லெனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் அண்டர்சன் மூண்டு பேரும் வெளிய போய் ட்ரொய்க்கா எண்டு தனியா கம்பனி தொடங்கிட்டாங்க. மிச்சம் இருந்த டிசைனர்மார் ஊர்களைப் பங்கு போட்டுச் செய்தாங்க, நியூ ரீனோ கிறிஸ் அவலோன்ட கையில வந்தது இப்பிடித்தான். அதால தான் ஒருத்தர் "ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு உலகம், என்ன அருமை" எண்டு சொல்ல, இன்னொருத்தர் "ஒரு ஊர்ல சீரியஸ், அடுத்த ஊர்ல ஒரே பகிடி, ஒண்டுக்கொண்டு ஒட்டேல்ல" எண்டு சொல்றார். ரெண்டும் ஒரே காரணத்தால வந்தது.

கதை 2241ல நடக்குது, முதல் கேம் முடிஞ்சு 80 வருஷம். அணுகுண்டு யுத்தத்துக்குப் பிறகு வட கலிபோர்னியா. அரோயோ எண்ட சின்னக் கிராமம், வரட்சி, பயிர் எல்லாம் செத்துப்போகுது. முதல் கேம் ஹீரோன்ட வம்சத்தில வந்த நீங்க கெக் எண்ட ஒரு சாமானைத் தேடிப் போகணும், அது கிடைச்சா மண்ணைத் திரும்ப உயிர்ப்பிக்கலாம். இதுக்கு மேல கதை சொல்லமாட்டன்.

எப்பிடி எடுக்கிறது, எப்பிடிப் போடுறது

கேம் விக்கிற இணையக் கடைகள் ஸ்டீம்லயும் இருக்கு ஜிஓஜிலயும் இருக்கு. ஜிஓஜில எடுத்தா இன்ஸ்டோலரை இறக்கி பென் டிரைவ்ல வைச்சிருக்கலாம், பிறகு நெட் இல்லாமலே எங்கயும் போட்டு விளையாடலாம், டேட்டா பெக்கேஜ் பார்த்துப் பார்த்துப் பாவிக்கிற எங்களுக்கு அது பெரிய விஷயம். கேம் ஒரு ஜிபிக்கும் குறைவு. பத்து வருஷப் பழைய லப்டொப்லயும் ஓடும், கிராபிக்ஸ் கார்ட் ஒண்டும் தேவையில்ல. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில செகண்ட் ஹேண்டா ஒரு ஒஃபிஸ் லப்டொப் எடுத்தாலே போதும்.

வெறுமனே போட்டு விளையாடாதீங்க. வந்த காலத்தில இருந்தே இதில பக், அதாவது புரோகிராம் பிழை, சரியான கூட. கார் ஒரு பக்கம், அதின்ட டிக்கி இன்னொரு பக்கம் நிண்ட கதையெல்லாம் பழைய பிளேயர்ஸ் இப்பவும் சொல்லுவாங்க. விசிறிகள் வருஷக்கணக்கா இருந்து திருத்தின அன்ஒஃபிஷியல் பட்ச் ஒண்டு இருக்கு, அதை முதல்ல போடுங்க. ரெஸ்டொரேஷன் ப்ரொஜெக்ட் எண்டு இன்னொண்டு இருக்கு, செய்தவங்க வெட்டிப்போட்ட இடங்களையும் குவெஸ்ட்களையும், அதாவது கேம் உங்களுக்குத் தாற வேலைகளையும், திரும்பச் சேர்த்தது. கன பேர் முதல் தடவையே அதைப் போடச் சொல்லுவாங்க. நான் அதை ஏற்கமாட்டன். சேர்த்த இடங்கள் நல்லா இருக்கு, உழைப்பு பெரிசு, ஆனா ஏற்கனவே நீளமான கேம் இன்னும் நீண்டுபோகும், புது ஆளுக்கு எங்க போறது எண்டே விளங்காது. முதல் தடவை பட்ச் மட்டும், ரெண்டாம் தடவை ரெஸ்டொரேஷன். போன்ல விளையாட விருப்பமெண்டால் விசிறிகள் எஞ்சினைத் திரும்ப எழுதின கொம்யூனிட்டி எடிஷன் இருக்கு, அன்ட்ராய்ட்லயும் ஓடும், ஆனா எழுத்து சின்னன், கண் வலிக்கும்.

இன்னொண்டு. பழைய பிரிட்டன் வெர்ஷன்ல சின்னப் பிள்ளைகளை எடுத்துட்டாங்க, பிள்ளைகளைச் சுடலாம் எண்ட பிரச்சினையால. ஆனா படத்தை மட்டும் தான் எடுத்தது, பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் உங்கட பொக்கெட்ல கை போடுவாங்க. யாராவது "டென் ஊர்ல சாமான் தானா காணாமப் போகுது, பக்" எண்டு சொன்னா அவர் விளையாடினது அந்த வெர்ஷனா இருக்கும்.

உள்ள போனவுடன ஒப்ஷன்ஸ்ல ரெண்டு விஷயம் மாத்துங்க. கொம்பட் ஸ்பீடைக் கடைசி வரைக்கும் கூட்டுங்க, ரன்னிங்கை எப்பவும் எண்டு வையுங்க. "சண்டை சரியான ஸ்லோ" எண்ட முறைப்பாட்டில அரைவாசி இதோட போயிடும். மற்ற அரைவாசி உண்மை தான், பத்துப் பேர் நிக்கிற சண்டையில ஒவ்வொருத்தரும் டேர்ன் எடுத்து முடியுமட்டும் ஒரு பிளேன்டீ ஊத்திக்கொண்டு வரலாம்.

கெரக்டர் செய்றது, இதில தான் முக்கால்வாசி

ரெடிமேடா மூண்டு பேர் இருக்கிறாங்க, நார்க், மிங்கன், சிட்சா. மூண்டு பேரையும் விடுங்க, நீங்களே செய்யுங்க. "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி செய்யுங்க, எதுவும் ஓடும்" எண்டு ஒரு கருத்து வரும். கேமை நாலஞ்சு தரம் முடிச்சவங்களுக்கு அது சரி, புது ஆளுக்கு அது பொறி. சித்தியின்ட மகன் செய்தது அதைத்தான்.

ட்ரெய்ட்ல, அதாவது தொடக்கத்தில தெரிவு செய்யிற தனி இயல்புகள்ல, கிஃப்டட் எடுங்க. ஏழு குணத்திலயும் ஒவ்வொண்டு கூடும், பதிலுக்கு ஸ்கில் எல்லாம் 10 வீதம் குறையும், லெவலுக்கு 5 ஸ்கில் பொயின்ட் குறையும். தொடக்கத்தில கை கட்டின மாதிரி இருக்கும், ஆனா குணத்தைப் பிறகு கூட்டுறது கஷ்டம், ஸ்கில் தானா கூடும். கிஃப்டட்டோட மொத்தம் 47 பொயின்ட் வரும், நான் அவனுக்குப் பிரிச்சுக் குடுத்தது இப்பிடி: ஸ்ட்ரெங்த் 5, பெர்செப்ஷன் 7, என்டியூரன்ஸ் 4, கரிஸ்மா 6, இன்டெலிஜென்ஸ் 9, எஜிலிட்டி 10, லக் 6.

ஏன் எண்டு சொல்றன். எஜிலிட்டி 10 எண்டால் 10 எக்‌ஷன் பொயின்ட். ஹன்டிங் ரைஃபிள் ஒரு வெடிக்கு 5, அப்ப டேர்னுக்கு ரெண்டு வெடி. 9 பொயின்ட் இருந்தாலும் ஒரு வெடி தான், அந்த ஒரு பொயின்ட்ல பாதிச் சண்டை மாறிடும். அந்தத் துவக்குக்கு ஸ்ட்ரெங்த் 5 போதும், கேமின்ட பிற்பகுதியில பவர் ஆர்மர் போட்டா ஸ்ட்ரெங்த் தானா ஏறும், அதால அதில பொயின்ட் கொட்டத் தேவையில்ல. இன்டெலிஜென்ஸ் 9 எண்டால் லெவலுக்கு 23, கிஃப்டட் 5 ஐ வெட்டினாலும் 18 மிஞ்சும், அதோட கதைக்கிற இடங்கள்ல நல்ல நல்ல பதில் திறக்கும். கரிஸ்மாவில பாதி தான் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஆக்கள், 6 எண்டால் மூண்டு பேர்.

டேக் பண்றது ஸ்மோல் கன்ஸ், ஸ்பீச், லொக்பிக். ஸ்பீச்சை எந்தக் காரணத்துக்கும் விடாதீங்க. இந்த கேமை உயர்த்திக் கதைக்கிற ஆக்கள் எதைக் கண்டு உயர்த்தினாங்களோ அதில பெரும்பங்கு ஸ்பீச்சுக்குப் பின்னால தான் ஒளிஞ்சிருக்கு.

இன்டெலிஜென்ஸை 4க்குக் கீழ இறக்கி விளையாடுங்க, டயலொக் முழுக்க மாறிடும் எண்டும் சொல்லுவாங்க. உண்மை, உங்கட ஆள் ஒரு வசனம் கூட ஒழுங்கா கதைக்க மாட்டான், மற்றவங்க அதுக்கேத்த மாதிரிப் பதில் சொல்லுவாங்க. ஆனா குவெஸ்ட் கனக்க மூடிப்போயிடும். கட்டாயம் செய்து பாருங்க, முதல் தரம் வேண்டாம்.

கோயிலைத் தாண்டுறது

டெம்பிள் ஒஃப் ட்ரையல்ஸ், கேம் தொடங்குற சோதனைக் கோயில். கேமை நேசிக்கிற ஆக்கள் கூட நேசிக்காத இடம். நீங்க துவக்குக்காரனா ஆளைச் செய்திருக்கிறீங்க, கேம் உங்களுக்கு ஒரு ஈட்டியைக் குடுத்து இருட்டுக் குகைக்குள்ள விடுது. இதைப் பற்றி வாற எல்லா ஏச்சும் நியாயம், ஒண்டையும் மறுக்க மாட்டன்.

செய்ய வேண்டியது சண்டை இல்ல, ஓட்டம். எஜிலிட்டி 10 இருக்கு, எறும்பையும் தேளையும் கொல்லாமல் பக்கத்தால ஓடுங்க, சண்டை தொடங்கினாலும் பொயின்ட் எல்லாத்தையும் நடக்கப் பாவிச்சு தூரமாப் போய் எண்ட் கொம்பட் குடுத்துப் பாருங்க. பூட்டின கதவுக்கு லொக்பிக், ஒரு தரம் சரிவராட்டி திரும்பத் திரும்ப அடியுங்க. நிலத்தில பொறி இருக்கும், மெதுவாப் போங்க. பிறகு பிளாஸ்டிக் வெடிமருந்து கிடைக்கும், கன பேர் மாட்டுப்படுறது இங்க தான், ஒரு கதவு எதுக்கும் அசையாது. வெடிமருந்தை இன்வென்டரிக்குள்ளயே டைமர் செட் பண்ணி, கதவுக்குக் கிட்ட போட்டுட்டு, தூர ஓடி நில்லுங்க. கடைசியா கமரன் எண்ட உங்கட ஊர் ஆள் நிப்பார், வெறுங்கையால சண்டைக்குக் கூப்பிடுவார். முதல்ல சேவ் பண்ணுங்க. ஸ்பீச் டேக் பண்ணினதால சண்டை வேண்டாம், ஒரே கிராமத்து ஆக்கள் ஏன் அடிபடணும் எண்டு கதைச்சே திறப்பை வாங்கலாம். சரிவராட்டி லோட் பண்ணித் திரும்பக் கதையுங்க.

அவன்ட கெரக்டரை இப்பிடி மாத்திக் குடுத்தன், பதினைஞ்சு நிமிஷத்தில வெளிய வந்திட்டான். அதே பெடியன், அதே லப்டொப், அதே குகை.

வெளிய வந்து ஊருக்குள்ள கொஞ்சம் சுத்துங்க. ப்ரொக் பூவும் சாண்டர் கிழங்கும் பொறுக்கிக் கொண்டுபோய் ஹகுனின் வைத்தியர்ட்டக் குடுத்தா மருந்துத்தூள் செய்து தருவார், எவ்வளவு ஏலுமோ அவ்வளவு செய்து எடுங்க. அந்தத் தூள் பெர்செப்ஷனைக் கொஞ்ச நேரம் குறைக்கும், அதால சண்டை முடிஞ்ச பிறகு குடியுங்க, நடுவில வேண்டாம்.

கிளமத், டென்

கிளமத்தில சூலிக்கைச் சேர்த்துக்கொள்ளுங்க, அவன்ட கடன் 350 டொலர் கட்டினா உங்களோட வருவான். "கூட வாற ஆக்கள் முட்டாள்கள், என்ட முதுகில சுடுறாங்க" எண்டு ஒரு முறைப்பாடு எல்லா இடத்திலயும் கேப்பீங்க. சுடுவாங்க தான், ஆனா யார் அவங்கட கையில சப்மெஷின் கன்னைக் குடுத்தது? சூலிக்குக்கு ஈட்டியோ சம்மட்டியோ குடுங்க, பேர்ஸ்ட் அடிக்கிற, அதாவது தொடரா வெடிக்கிற, துவக்கு ஒண்டும் குடுக்காதீங்க. அதோட அவனோட கதைக்கும்போது கொம்பட் கொன்ட்ரோல் எண்டு ஒரு பட்டன் வரும், எவ்வளவு தூரத்தில நிக்கணும், எப்ப மருந்து குடிக்கணும், எப்ப ஓடணும் எண்டெல்லாம் சொல்லி வைக்கலாம். முதல் கேம்ல இல்லாத வசதி, அதைத் தொடாமலே முழு கேமையும் முடிச்சுட்டு ஏசுற ஆக்களும் இருக்கிறாங்க.

டென் ஊர்ல கடை வாசல்கள்ல நிக்கிற பிள்ளைகள் கிட்டப் போனாலே களவெடுப்பாங்க, முக்கியமான சாமானை வெளியில சூலிக்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. இங்க மெட்ஸ்கர் எண்ட அடிமை வியாபாரி இருக்கிறான், அவன்ட விக் எண்ட ஆள் உங்களுக்கு வேணும், காசு குடுத்தும் எடுக்கலாம் சண்டை போட்டும் எடுக்கலாம். மெட்ஸ்கர் உங்களையும் வேலைக்குச் சேரச் சொல்லிக் கேப்பான். நல்ல காசு வரும். சேர்ந்தா நெத்தியில பச்சை குத்துவாங்க, அது கடைசி வரைக்கும் அழியாது, பிறகு எந்த ஊருக்குப் போனாலும் ஆக்கள் முகத்தைப் பார்த்தே திருப்பிக்கொள்ளுவாங்க. எனக்கு இந்த இடம் சரியாப் பிடிக்கும். கேம் உங்களைத் தடுக்காது, ஏசாது, செய்ததை முகத்தில எழுதி விடும்.

வோல்ட் சிட்டி, கெக்கோ

உங்கட சொந்தக் கருத்தை இங்க வந்து முடிவெடுங்க, அதுக்கு முதல் வேண்டாம். இதுவரைக்கும் விளையாடியும் பிடிக்கேல்ல எண்டால் உங்களுக்கு இந்த கேம் சரிவராது, நிம்மதியா விடலாம்.

வோல்ட் சிட்டி வெள்ளை வெளேரெண்ட ஊர், மருந்து இருக்கு, சட்டம் இருக்கு, மதில் இருக்கு. மதிலுக்கு வெளிய முற்றத்தில வெளியூர்க்காரர் நிக்கணும். உள்ள போக டே பாஸ் வேணும். பிரஜை ஆகணும் எண்டால் டெஸ்ட் இருக்கு, அது சரியான கஷ்டம், அநேகமா யாரும் பாஸ் பண்ணமாட்டாங்க. முற்றத்தில ஒருத்தன் கள்ளப் பேப்பர் விக்கிறான். உள்ள அடிமை இல்லையாம், வேலைக்காரர் தானாம், ஆனா அந்த வேலைக்காரருக்கு வெளிய போக ஏலாது.

வெளிநாட்டுப் பிளேயர்ஸ் கன பேர் இந்த ஊரை "பேப்பர் வேலை, அங்கயும் இங்கயும் நடக்கவிடுறாங்க, போர்" எண்டு சொல்றதை வாசிச்சிருக்கிறன். நான் முதல் தரம் அந்த கேட்டில நிண்டப்ப எனக்குக் கை குளிர்ந்தது. யுத்த காலத்தில கொழும்பில வளர்ந்த தமிழ்ப் பெடியன், செக்பொயின்ட்ல ஐசியை நீட்டிப்போட்டு, பேரைப் பார்க்கிற முகம் மாறுறதைப் பார்த்துக்கொண்டு நிண்டவன். எங்க இருந்து வாறாய், எங்க தங்குறாய், எத்தின நாள். அதே கேள்விகள், அதே தொனி, ஒரு அமெரிக்கக் கேம்ல ஒரு சின்னச் சதுர ஸ்கிரீன்ல. எனக்கு அது போர் இல்ல. அதால தான் சொல்றன், மற்றாக்கள் "இந்த ஊரை ஸ்கிப் பண்ணுங்க" எண்டு சொன்னாலும் நீங்க போய் நிண்டு பாருங்க, எங்கட ஆக்களுக்கு இந்த ஊர் வேற மாதிரிக் கதைக்கும்.

பிரச்சினை என்ன எண்டால், பக்கத்தில கெக்கோ எண்ட ஊர். அங்க இருக்கிறது கூல்கள், கதிர்வீச்சில தோல் உரிஞ்ச மனுசர். அவங்கட அணுமின் நிலையம் கசிஞ்சு வோல்ட் சிட்டியின்ட நிலத்தடித் தண்ணி பழுதாகுது. வோல்ட் சிட்டித் தலைவி லினெட் சொல்றதைக் கேட்டா இதைத் துவக்கோட தான் முடிக்கணும் எண்டு இருக்கும். அவசரப்படாதீங்க. கவுன்சில்ல மக்ளூர் எண்டு ஒருத்தர் இருக்கிறார், அவரோட கதையுங்க. கெக்கோவுக்குப் போய் ஹரல்டோட கதையுங்க, முதல் கேம்ல இருந்து வாற ஆள் அவர். திருத்துறதுக்கு ஒரு பார்ட் தேவை, அந்தப் பார்ட் இருக்கிறது வோல்ட் சிட்டியில. அதாவது தண்ணியைக் காப்பாத்துற சாமானைத் தங்கட ஸ்டோர் ரூம்லயே வைச்சுக்கொண்டு, பக்கத்து ஊர்க்காரரைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாங்க. கொண்டுபோய்க் குடுத்து, ரியக்டரைத் திருத்தி, அதுக்கும் மேல கோர்டன் எண்ட ஆளின்ட திட்டப்படி இன்னும் நல்லா ஓடப் பண்ணலாம், அப்ப ரெண்டு ஊருக்கும் கரண்ட். ஒரு வெடி கூட வைக்கத் தேவையில்ல.

இதை நான் முழுசா செய்து முடிச்சது 2022 மார்ச் கடைசில, 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாள்கள்ல ஒண்டு. பேட்டரி 20 வீதத்துக்கு இறங்கிட்டு, வீட்ல ஃபேன் இல்ல, மெழுகுதிரி ஒண்டு, காலி ரோட்டில ஜெனரேட்டர் சத்தம். ஸ்கிரீன்ல நான் ரெண்டு ஊருக்கு கரண்ட் குடுத்துக்கொண்டு இருந்தன். அந்த இரவை மறக்கமாட்டன்.

கெக்கோவில ஃபியூவல் செல் கொன்ட்ரோலர் எண்ட சாமானையும் எடுக்க மறக்காதீங்க. டென்ல ஸ்மிட்டியிட்டக் கொண்டுபோய்க் காசோட குடுத்தா கார் உங்களுக்கு. கார் வந்தவுடன பயணம் கெதியாகும், டிக்கிக்குள்ள சாமான் போடலாம், கேமே வேற மாதிரி.

சேவ் பண்றது பற்றி

10 ஸ்லொட் இருக்கு, பத்தையும் பாவியுங்க, ஒண்டுக்கு மேலயே திரும்பத் திரும்ப அடிக்காதீங்க. சண்டைக்கு நடுவில சேவ் பண்ணாதீங்க. ஒரு ஊருக்குள்ள நுழைய முதல் ஒண்டு, வெளிய வந்த பிறகு ஒண்டு. பிப்பாயில, உங்கட ஆளின்ட கையில இருக்கிற சின்னக் கொம்பியூட்டர்ல, இருக்கிற குவெஸ்ட் லிஸ்ட் ஒரு வரி தான் எழுதும், யார் சொன்னது, எங்க போகணும் எண்டெல்லாம் இராது. ஒரு சிஆர் கொப்பி எடுத்து வையுங்க, ஆளின்ட பேர், ஊர், என்ன கேட்டார், அவ்வளவும் எழுதுங்க. கதைக்கும்போது ரிவியூ பட்டனை அமத்தினா முதல் சொன்னதைத் திரும்ப வாசிக்கலாம், இங்கிலிஷ் கெதியா வாசிக்க ஏலாதவங்களுக்கு அது பெரிய உதவி.

நியூ ரீனோவும் பகிடிகளும்

நியூ ரீனோ தான் கூடுதலான ஆக்கள் பாராட்டுற ஊர், மோர்டினோ, பிஷப், ரைட், சல்வடோரே எண்டு நாலு குடும்பம், யாரோட சேர்றீங்களோ மற்றவங்க பகை. குத்துச்சண்டை சம்பியனும் ஆகலாம். பாராட்டு சரி தான். ஆனா போதை, விபச்சாரம், நீலப்படம் எல்லாம் வெளிப்படையா இருக்கு, வீட்ல சின்னாக்கள் பக்கத்தில இருந்தா விளையாடாதீங்க. காரை விட்டுட்டுப் போனா களவு போகும், பயப்படாதீங்க, அது கதையில உள்ளது, தேடிப் போய்த் திரும்ப எடுக்கலாம். டிக்கியில உயிர் போற சாமான் ஒண்டும் அப்ப இருக்கக்கூடாது, அவ்வளவு தான்.

பகிடி பற்றின ஏச்சோட நான் உடன்படுறன். பழைய ஆங்கிலப் படங்கள்ல, டிவி தொடர்கள்ல இருந்து எடுத்த பகிடி ஒவ்வொரு மூலையிலயும் இருக்கு, பேய் வருது, செஸ் விளையாடுற தேள் வருது, கதைக்கிற செடி வருது. பசியில சாகிற கிராமத்துக்காக அலையுற ஆளுக்கு நடுவில இப்பிடி வந்தா மனசு விலகிடும். முதல் கேம் இதில எவ்வளவோ அடக்கமா இருந்தது. கதைக்கிற டெத்க்ளோ எண்ட பெரிய நக மிருகத்தையும் கன பேருக்குப் பிடிக்காது, எனக்கு மட்டும் அதில ஒண்டான கோரிஸைப் பிடிக்கும், அவனைச் சந்திச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

குறுக்கு வழி, கடைசிப் பகுதி

நவாரோ ஓட்டம் எண்டு ஒண்டு எல்லாரும் சொல்லித் தருவாங்க. தொடங்கின கையோட தெற்கால ஓடி, எதிரிகளின்ட நவாரோ முகாமுக்குள்ள புது ஆள் மாதிரி நுழைஞ்சு, கேமிலேயே பெரிய கவசங்கள்ல ஒண்டை முதல் மணித்தியாலத்திலயே எடுக்கிறது. வேலை செய்யும். செய்யாதீங்க. அதுக்குப் பிறகு கிளமத்தில இருந்து நியூ ரீனோ வரைக்கும் எந்தச் சண்டையும் சண்டையா இராது, ஹன்டிங் ரைஃபிள் கிடைக்கிற சந்தோஷமே உங்களுக்குத் தெரியாமப் போயிடும்.

சன் பிரான்சிஸ்கோ அவசரத்தில செய்த மாதிரி இருக்கு எண்டு சொல்றதும் சரி, அங்க நாள் கணக்கா நிக்காமல் டேங்கர் கப்பலுக்குத் தேவையானதைச் சேர்த்துக்கொண்டு வெளிக்கிடுங்க. கப்பல் ஏற முதல் தனி ஸ்லொட்ல ஒரு சேவ், அதைத் தொடவே கூடாது.

கடைசியா அடிக்க வேண்டிய எதிரி ஃபிராங்க் ஹொரிகன், ஹிட் பொயின்ட் 999. "ஏலாது, அநியாயம்" எண்டு ஏசுற ஆக்கள் தனிய நிண்டு அடிபட்டவங்க. நீங்க அப்பிடி நிக்கத் தேவையில்ல. எதிரிகளின்ட பிரசிடென்ட்ட இருந்து எடுக்கிற கீ கார்டால கொம்பியூட்டருக்குள்ள போய் அங்க இருக்கிற, தானா சுடுற டரட் துவக்குகளை அவன் பக்கம் திருப்பலாம், அதுக்குக் கொஞ்சம் சயன்ஸ் ஏத்தி வையுங்க. பக்கத்தில நிக்கிற சார்ஜன்ட் கிரனிட்டோட கதைச்சு அவன்ட ஆக்களையும் உங்கட பக்கம் எடுக்கலாம், முதல் நாள் டேக் பண்ணின ஸ்பீச் அங்க தான் காசு திருப்பித் தரும்.

முடிஞ்ச பிறகு ஊர் ஊரா என்ன நடந்தது எண்டு ஸ்லைட் வரும், ஸ்கிப் பண்ணாமப் பாருங்க. பிறகும் கேம் மூடாது, விட்ட குவெஸ்ட் செய்யலாம். அடுத்து என்ன எண்டு கேட்டா 2010ல வந்த நியூ வேகஸ். இந்த கேம்ல ப்ரோக்கன் ஹில்ஸ் ஊர்ல சந்திக்கிற மார்கஸை அங்க திரும்பச் சந்திப்பீங்க, வோல்ட் சிட்டியில உங்களோட சேர்ந்த கசிடியின்ட மகளும் அங்க இருக்கிறா.

சித்தியின்ட மகன் நேத்து ராத்திரி வொயிஸ் மெசேஜ் போட்டிருந்தான், வோல்ட் சிட்டி கேட்டில நிக்கிறானாம், கள்ளப் பேப்பர் வாங்கவா எண்டு கேட்டான். நான் பதில் சொல்லேல்ல, சேவ் பண்ணிட்டு நீயே பார் எண்டு மட்டும் அனுப்பினன்.